சல்லிவன் எந்த ஊர்க்காரர்? ஒரு கெய்லிக் குடும்பப்பெயரின் வேரைத் தேட முழுமையான வழிகாட்டி

ஊட்டியை உண்டாக்கியவர் யார் என்று கேட்டால் நீலகிரியில் பள்ளிக்கூடப் பிள்ளைகூட ஜான் சல்லிவன் என்று சொல்லிவிடும். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்தபோது 1819ல் மலையேறி, கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில் பங்களா கட்டி, அப்புறம் ஊட்டியில் கல்பங்களா, ஏரி என்று அடுத்தடுத்துப் போனவர். ஆள் 1788ல் லண்டனில் பிறந்தவர். ஆனால் அவருடைய குடும்பப்பெயர் லண்டனில் முளைத்ததில்லை. அது அயர்லாந்துப் பெயர், அதிலும் கார்க், கெர்ரி என்ற இரண்டு தென்மேற்கு மாவட்டங்களில் இன்றும் குவிந்து கிடக்கிற பெயர்.

கெய்லிக் என்ற அயர்லாந்து மொழியில் பிறந்த பெயர் ஒன்றின் பூர்வீகத்தை எப்படித் தேடுவது என்று சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மர்ஃபி, கெல்லி எல்லாம் சம்பந்தமே இல்லாத பல இடங்களில் தனித்தனியாக முளைத்த பெயர்கள், அதனால் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எந்த ஊர் என்று சொல்லவே முடியாது. சல்லிவன் அப்படியில்லை, பெயரே பாதி வழியைக் காட்டிவிடும். மீதிப் பாதிதான் ஆளைக் கொல்லும், ஏனென்றால் ஒரே கிராமத்தில் பத்து ஜான் சல்லிவன் இருப்பார்கள். உங்கள் ஆள் யார் என்று பிரித்தெடுக்க ஊர்த்துண்டின் பெயரும் (படி 4) கிளைப்பெயரும் (படி 5) வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாமே அந்த இரண்டையும் பிடிப்பதற்காகத்தான்.

படி 1: பெயரின் எல்லா வடிவங்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

கெய்லிக்கில் பெயர் ஓ சூலவான். முன்னால் நிற்கும் ‘ஓ’ என்பதற்குப் பேரன், வம்சத்தான் என்று பொருள். ‘மாக்’ என்றால் மகன். பெண்களுக்கு அந்த முன்னொட்டு மாறிவிடும்: பிறந்த வீட்டுப் பெயர் என்றால் ‘நீ’, புகுந்த வீட்டுப் பெயர் என்றால் ‘ஈ’. அப்படி வரும்போது முதல் எழுத்தும் இளகி நீ ஹூலவான் என்று ஒலிக்கும். சூல் என்றால் கண். கருங்கண்ணனா, ஒற்றைக்கண்ணனா, பருந்துக்கண்ணனா என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், தேடலுக்கு நயா பைசா உபயோகமில்லை.

உபயோகமான விஷயம் அந்த ‘ஓ’ எப்போது போனது, எப்போது திரும்பி வந்தது என்பதுதான். ஆங்கிலேய ஆட்சி இறுகிய 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பெரும்பாலான குடும்பங்கள் ‘ஓ’வை விட்டுவிட்டு வெறும் சல்லிவன் ஆகிவிட்டன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கெய்லிக் மறுமலர்ச்சி வந்ததும் மெல்ல அதை எடுத்து ஒட்டிக்கொண்டார்கள். பிறப்புப் பதிவுகளை எடுத்துப் பார்த்தால் 1866ல் நூறு சல்லிவன்களில் நாலு பேர்தான் ஓ’சல்லிவன், 1890ல் 13, 1914ல் 20, 1944ல் 60. இந்த நாலு எண்ணையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், படி 6ல் வேலைக்கு வரும். அமெரிக்காவில் குடியேற வந்தவர்களைப் பதிந்த எல்லிஸ் தீவு குமாஸ்தா பெயரை வெட்டிவிட்டார் என்று பேரப்பிள்ளைகள் சொல்லிக்கொண்டு திரிவார்கள். வெட்டு அதற்கு நூறு இருநூறு வருஷம் முன்பே அயர்லாந்திலேயே விழுந்துவிட்டது.

கணினியில் தேடும்போது ‘ஓ’வோடு, ‘ஓ’ இல்லாமல், மேற்கோள் குறியோடு, குறி இல்லாமல் இடைவெளி விட்டு, ஒட்டி எழுதி என்று எல்லா விதத்திலும் தேட வேண்டும். ஒற்றை எல், இரட்டை எல் இரண்டையும் போட்டுப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவராக இருந்த அயர்லாந்துக்காரர் லாரன்ஸ் சல்லிவன் ஒற்றை எல்லோடுதான் எழுதிக்கொண்டார்.

படி 2: பெயர் முதலில் எங்கே இருந்தது, எங்கே நகர்ந்தது

கார்க், கெர்ரியில் குவிந்து கிடக்கிறார்கள் என்றாலும் ஆதி ஊர் அது இல்லை. டிப்பெரேரி மாவட்டத்தில் காஹிர் நகருக்குப் பக்கத்தில், ஷூர் ஆற்றங்கரையில் நாக்கிராஃபன் என்று ஒரு மேடு இருக்கிறது. ஓ’சல்லிவன் தலைவர்களின் பழைய இருப்பிடம் அதைச் சுற்றித்தான். மன்ஸ்டர் மாகாணத்தை ஆண்ட ஓவனாக்ட் வம்சத்தில் ஒரு கிளை இவர்கள். 619ல் இறந்ததாகச் சொல்லப்படும் ஃபிங்கன் என்ற அரசன் வழி என்று பழைய வம்சாவளிகள் சொல்லும், அவன் தம்பி வழி மெக்கார்த்திகள். அந்த வம்சாவளிகளை எழுதியவர்கள் தலைவர்களிடம் சம்பளம் வாங்கிய புலவர்கள் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொண்டு படியுங்கள். குடும்பப்பெயர் என்ற வழக்கமே அங்கே 10, 11ஆம் நூற்றாண்டுகளில்தான் நிலைபெற்றது.

நார்மன்கள் வந்தார்கள். 1192ல் நாக்கிராஃபனிலேயே கோட்டை கட்டினார்கள். சல்லிவன்கள் தென்மேற்கே, மலையும் கடலுமாக இருக்கும் பக்கம் ஒதுங்கினார்கள். அங்கே இரண்டு பெரிய கிளையாகப் பிரிந்தார்கள். கென்மேர் பக்கத்தில் டன்கெரன் கோட்டையில் இருந்தவர் ஓ’சல்லிவன் மோர், அதாவது பெரிய சல்லிவன். பியரா தீபகற்பத்தில் டன்பாய் கோட்டையில் இருந்தவர் ஓ’சல்லிவன் பேர், அதாவது பியரா சல்லிவன்.

டன்பாய் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தப் பெயர் ஸ்பெயினுக்கும் வடக்கே லீட்ரிம் வரைக்கும் போனது அதனால்தான். 1601 டிசம்பர் கின்சேல் போரில் அயர்லாந்துத் தலைவர்களும் ஸ்பானியப் படையும் தோற்ற பிறகு, 1602 ஜூனில் ஆங்கிலேயத் தளபதி ஜார்ஜ் கேரூ பீரங்கிகளோடு வந்து டன்பாயைத் தரைமட்டமாக்கினார். உள்ளே இருந்தவர்கள் சுமார் 143 பேர், பிழைத்துப் பிடிபட்டவர்களைத் தூக்கில் போட்டார்கள். தலைவர் டோனல் காம் அப்போது கோட்டையில் இல்லை. அந்த வருஷம் டிசம்பர் 31 அன்று க்ளென்காரிஃபிலிருந்து 400 வீரர்கள், பெண்கள் குழந்தைகளோடு 600 பேர், ஆக ஏறக்குறைய ஆயிரம் பேரோடு நடுக்குளிர்காலத்தில் வடக்கே நடக்க ஆரம்பித்தார். ஷானன் ஆற்றைக் கடக்கப் படகு கிடைக்கவில்லை, குதிரைகளைக் கொன்று தோலை உரித்துப் படகு கட்டிக் கடந்தார்கள், இறைச்சியையும் தின்றார்கள். லீட்ரிமில் ஓ’ரூர்க் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தது 35 பேர். மற்ற அத்தனை பேரும் செத்துப்போனார்கள் என்று அர்த்தமில்லை, வழியிலேயே விலகி அங்கங்கே தங்கிவிட்டவர்களும் உண்டு. அந்த வழியில் எங்கோ ஓர் ஊரில் சம்பந்தமில்லாமல் ஒரு சல்லிவன் குடும்பம் தென்பட்டால் இந்த நடைதான் காரணம் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள். எல்லாவற்றையும் நம்ப வேண்டாம், சிலது உண்மையாக இருக்கலாம். டோனல் காம் ஸ்பெயினுக்குப் போய் 1618ல் மாட்ரிட்டில் கொலையுண்டார்.

படி 3: எண்களை வைத்து வரைபடம் போடுங்கள்

இதற்கு முதலில் பார்க்க வேண்டியது 1890ஆம் வருஷப் பிறப்புகளை வைத்து ராபர்ட் மேத்திசன் என்ற அதிகாரி தயாரித்த அறிக்கை. ஒரு பெயரில் அந்த வருஷம் எத்தனை குழந்தை பிறந்தது என்று எண்ணி, சராசரி பிறப்பு விகிதத்தால் வகுத்து, மொத்தம் எத்தனை பேர் இருப்பார்கள் என்று மதிப்பிட்டார். மர்ஃபி 62,600, கெல்லி 55,900, மூன்றாவதாக சல்லிவன் 43,600. ஓராண்டுப் பிறப்பை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் அதைத் தலையெண்ணிக்கை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, வரிசையைப் பார்க்க மட்டும் போதும். கவனிக்க வேண்டியது பரவலைத்தான். மர்ஃபி என்ற பெயர் அயர்லாந்து முழுக்க இருக்கிறது. சல்லிவன் ஒரே மூலையில் அடைந்து கிடக்கிறது.

அடுத்தது கிரிஃபித் நிலமதிப்பீடு. 1847க்கும் 1864க்கும் இடையில் அயர்லாந்து முழுக்க யார் எந்த வீட்டில், எந்த நிலத்தில் குடியிருந்தார்கள், யாருக்கு வாடகை கொடுத்தார்கள் என்று எழுதிய பதிவு. குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும், பெண்டு பிள்ளைகள் இருக்காது. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், வரைபடத்தோடு. பேரனி என்ற நிர்வாகப் பிரிவுவாரியாக எண்ணிப் பார்த்தால் பியரா, கென்மேர் ஆற்றின் இரு கரை, ஐவரா தீபகற்பம் இவற்றில் வரைபடம் கறுத்துப்போகும். 1659 வாக்கில் தொகுத்த ஒரு பழைய கணக்கும் இருக்கிறது, அது பேரனிவாரியாக முக்கியமான ஐரிஷ் பெயர்களைப் பட்டியலிடும். இரண்டையும் ஒப்பிட்டால் இரண்டு நூற்றாண்டில் பெயர் அதிகம் நகரவில்லை என்று தெரியும்.

இன்றைய நிலவரமும் கார்க், கெர்ரிதான், கூடவே வேலைக்குப் போய்க் குடியேறிய டப்ளின்.

படி 4: உங்கள் ஆளின் ஊர்த்துண்டைக் கண்டுபிடியுங்கள்

நேரம் பிடிக்கிற படி இது. அயர்லாந்தில் முகவரியின் கடைசி அலகு டவுன்லேண்ட். பெயரில் டவுன் இருந்தாலும் நகரம் கிடையாது, சில வீடுகளும் வயலும் மேடும் சேர்ந்த ஊர்த்துண்டு. நாடு முழுக்க அறுபதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அது தெரியாமல் அயர்லாந்துப் பதிவில் கை வைத்தால் கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

ஆகவே தேடலை அயர்லாந்தில் தொடங்காதீர்கள், குடியேறிய நாட்டில் தொடங்குங்கள். பாஸ்டனில் 1900 வாக்கில் ஒரு இறப்புப் பதிவு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: ஜெரமையா சல்லிவன், பிறந்தது அயர்லாந்து, தந்தை டேனியல், தாய் ஹனோரா ஹாரிங்டன். மாசசூசெட்ஸ் இறப்புப் பதிவுகளில் பெற்றோர் பெயர் இப்படி வருவது வழக்கம், அது பெரிய வரம். பிறந்தது அயர்லாந்து என்பதில் ஒன்றுமில்லை. ஆனால் தாயின் ஹாரிங்டன் என்ற பெயர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. இங்கிலாந்தில் அது ஆங்கிலப் பெயர், அயர்லாந்தின் தென்மேற்கில் வேறு ஒரு கெய்லிக் பெயருக்குப் போட்ட ஆங்கில வேஷம், அது அடர்த்தியாக இருப்பது பியரா தீபகற்பத்தில். சல்லிவன், ஹாரிங்டன் இரண்டும் ஒரே வீட்டில் சேர்ந்து வந்தால் முதலில் பியராவைத்தான் பார்க்க வேண்டும். கூட ஷீ, மர்ஃபி, லோனி போன்ற பெயர்கள் ஞானஸ்நான சாட்சிகளாக வந்தால் இன்னும் நல்லது.

அடுத்து ஜெரமையா என்ற பெயர். வீட்டில் அவரை அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள், டியர்முட் என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்துக் குருமார்களும் குமாஸ்தாக்களும் ஒவ்வொரு கெய்லிக் பெயருக்கும் ஒரு ஆங்கிலப் பெயரை வாடிக்கையாக எழுதினார்கள்: டியர்முட் ஜெரமையா ஆனார், கொனஹூர் கொர்னேலியஸ், தைக் திமோத்தி, ஓவன் யூஜின், ஃபினீன் ஃப்ளோரன்ஸ். ஆம், ஃப்ளோரன்ஸ் சல்லிவன் அங்கே ஆண்பிள்ளை. ஜெரமையா, டேனியல், கொர்னேலியஸ், திமோத்தி என்று ஒரு குடும்பத்தில் வரிசையாக வந்தாலே கார்க்–கெர்ரி வாசனை அடிக்கும்.

மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவைப் பெற்ற பாட்டி பெயர் என்று, ஏறக்குறைய நம்மூரில் வைப்பது போலவே, அங்கேயும் வைத்தார்கள். கட்டாயச் சட்டமில்லை, ஆனாலும் பிள்ளைகளின் பெயர் வரிசையை வைத்துத் தாத்தா யார் என்று ஊகிக்கலாம், பதிவில் உறுதி செய்துகொள்ளலாம்.

இப்போது அயர்லாந்துப் பதிவுகள். பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாவற்றையும் அரசாங்கம் பதிய ஆரம்பித்தது 1864ல். கத்தோலிக்கர் அல்லாதவர் திருமணம் மட்டும் 1845 முதல் உண்டு. அரசின் ஐரிஷ்ஜீனியாலஜி தளத்தில் நூறு வருஷம் தாண்டிய பிறப்பு, 75 வருஷம் தாண்டிய திருமணம், 50 வருஷம் தாண்டிய இறப்புப் பதிவுகளின் படங்களே இலவசமாக இருக்கின்றன. பிறப்புப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும், அதை வைத்துத்தான் பத்து ஜான் சல்லிவன்களைப் பிரிக்க முடியும். காசில்டவுன் என்ற பதிவு மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பியராவில் இருப்பதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அந்தப் பெயரில் அயர்லாந்து முழுக்க ஊர்கள் உண்டு.

1864க்கு முன்னால் போக கத்தோலிக்கக் கோயில் பதிவேடுகள்தான் வழி. 1880 வாக்கு வரையிலான பதிவேடுகளை தேசிய நூலகம் 2015ல் இணையத்தில் ஏற்றிவிட்டது, ஆனால் படமாகத்தான், கையெழுத்தை நீங்களே படிக்க வேண்டும். பலரும் இடறி விழும் இடம் ஒன்று: பியராவின் பெரும்பகுதி நிர்வாகத்தில் கார்க் மாவட்டம், ஆனால் கத்தோலிக்க மறைமாவட்டக் கணக்கில் கெர்ரி. கார்க் என்று போட்டுத் தேடி ஒன்றும் வரவில்லை என்று மூட்டை கட்டிவிடாதீர்கள். ஐரிஷ்ஜீனியாலஜி தளத்தில் கெர்ரி மறைமாவட்டப் பதிவுகள் பெயர் போட்டுத் தேடக்கூடிய வடிவிலேயே கிடைக்கின்றன, அது இந்தப் பெயர்க்காரர்களின் அதிர்ஷ்டம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1901, 1911 இரண்டும் முழுசாக, இலவசமாக இருக்கின்றன. அதற்கு முந்தையவற்றின் கதை வயிறெரியும். 1821 முதல் 1851 வரையிலானவற்றில் பெரும்பாலானவை 1922 ஜூனில் உள்நாட்டுப் போரின்போது டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் கட்டடத்தோடு எரிந்தன. 1861, 1871 இரண்டையும் அரசே அழித்துவிட்டது, 1881, 1891 இரண்டும் முதல் உலகப்போரின்போது காகிதக்கூழாகப் போயின. ஆனால் ஒரு பின்வாசல் இருக்கிறது. 1909 ஜனவரியில் முதியோர் பென்ஷன் வந்தபோது எழுபது வயது ஆனவர்களிடம் பிறப்புச் சான்று இல்லை, ஏனென்றால் பதிவே 1864ல்தான் தொடங்கியது. அதனால் 1841, 1851 கணக்கெடுப்பில் இவர் பெயர் குழந்தையாக இருக்கிறதா என்று அதிகாரிகள் தேடிப் பார்த்துக் குறித்த படிவங்கள் பிழைத்திருக்கின்றன. எரிந்துபோன கணக்கெடுப்பிலிருந்து ஒரு குடும்பம் அப்படியே கிடைக்கும், ஊர்த்துண்டின் பெயரோடு. இதே பென்ஷனுக்காக வயதைக் கூட்டிச் சொன்னதால்தான் 1901க்கும் 1911க்கும் இடையில் பலருக்குப் பத்து வருஷத்துக்குப் பதில் பதினைந்து வயது கூடியிருக்கும், குழம்ப வேண்டாம்.

படி 5: கிளைப்பெயரைப் பிடியுங்கள்

ஒரே ஊர்த்துண்டில் எல்லோரும் சல்லிவன் என்றால் தபால்காரர் என்ன செய்வார்? அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அடைமொழி வந்தது, அது தலைமுறை தலைமுறையாக ஒட்டிக்கொண்டது. பான் என்றால் வெளுத்தவர், ரூவா என்றால் செம்பட்டை முடிக்காரர், சீர் என்றால் கொத்தனார் அல்லது தச்சர் வழி. 18ஆம் நூற்றாண்டின் பெரிய கெய்லிக் கவிஞர் ஓவன் ரூவா ஓ’சல்லிவன் பெயரில் நிற்பதும் அந்தச் செம்பட்டைதான். கெர்ரியின் ஷ்லீவ் லூகரா பக்கத்துக்காரர், பள்ளி வாத்தியார், கூலியாள், பிரிட்டிஷ் கடற்படை மாலுமி என்று எல்லாமாக இருந்து 1782ல் மேற்கிந்தியத் தீவுக் கடலில் நடந்த போரிலும் இருந்தவர்.

கிரிஃபித் மதிப்பீட்டில் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஏதாவது இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். பான் என்றோ, இளையவர் என்றோ, அப்பா பெயரோ இருக்கும். கோயில் பதிவிலும் சில குருமார்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏதோ புரியாத ஒரு சொல்லை எங்கள் வழி என்று சொன்னால் கிண்டல் செய்யாமல் கேட்டபடியே எழுதி வையுங்கள். எழுத்துப்பிழை பரவாயில்லை.

படி 6: கடல் கடந்தவர்களைப் பாருங்கள்

படி 1ல் சொன்ன நாலு எண்கள் இங்கே வேலைக்கு வரும். 1840களில் அயர்லாந்தை உலுக்கிய பெரும்பஞ்சக் காலத்திலும் அதை ஒட்டியும் கப்பலேறியவர்கள் ‘ஓ’ இல்லாத காலத்தில் போனவர்கள், ஆகவே அமெரிக்காவில் வெறும் சல்லிவன்தான் பெருவாரி. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்துக்கு வேலைக்குப் போனவர்கள் ஓ’சல்லிவனாகப் போனார்கள். லண்டனில் ஒருவர் ‘ஓ’ இல்லாத சல்லிவன் என்றால் குடும்பம் முன்பே வந்தது என்று சந்தேகிக்கலாம். சந்தேகிக்க மட்டும்தான்.

அமெரிக்காவில் இந்தப் பெயர் மாசசூசெட்ஸ் பக்கம் எக்கச்சக்கம். ஜார்ஜ் வாஷிங்டனின் தளபதிகளில் ஒருவரான ஜான் சல்லிவன், மாசசூசெட்ஸ் கவர்னராக இருந்த அவர் தம்பி ஜேம்ஸ் எல்லாம் பஞ்சத்துக்கு நூறு வருஷம் முன்பே போன குடும்பம். பெருங்கூட்டம் போனது பஞ்சத்துக்குப் பிறகு. 1850களின் தொடக்கத்தில் கென்மேர் பக்கத்து லான்ஸ்டவுன் பிரபுவின் எஸ்டேட் ஏஜென்ட் வில்லியம் ஸ்டூவர்ட் ட்ரெஞ்ச், ஏழைக் குத்தகைதாரர்களைச் சத்திரத்தில் வைத்துச் சோறு போடுவதைவிடக் கப்பல் கட்டணம் மலிவு என்று கணக்குப் போட்டு ஆயிரக்கணக்கானவர்களை அனுப்பினார். நியூயார்க்கில் ஃபைவ் பாயின்ட்ஸ் சேரியில் கென்மேர், டூசிஸ்ட், பொனேன் ஊர்க்காரர்கள் தெருத் தெருவாக இருந்தார்கள். அவர்களில் பலர் எமிக்ரன்ட் சேவிங்ஸ் வங்கியில் கணக்கு வைத்தார்கள். கணக்கு திறக்கும்போது அடையாளத்துக்காகப் பிறந்த ஊர், வந்த கப்பல், அண்ணன் தம்பி எங்கே என்று எழுதிக்கொண்டார்கள். இன்று அது தங்கச் சுரங்கம். பாஸ்டன் பைலட் பத்திரிகையில் 1831 முதல் வந்த காணாமல் போனவரைத் தேடும் விளம்பரங்களும் அப்படித்தான், பெரும்பாலும் ஊர் பெயரோடு வரும்.

மொன்டானா மாநிலத்தில் பியூட் என்ற தாமிரச் சுரங்க நகரம் இன்னும் விசேஷம். பியராவின் முனையில் அல்லிஹீஸில் பக்ஸ்லி குடும்பம் 1812ல் தாமிரச் சுரங்கம் திறந்தது, அங்கே வேலை கற்றவர்கள் அது நொடித்ததும் மிச்சிகன் போய், அங்கிருந்து பியூட் போனார்கள். 1870க்கும் 1915க்கும் இடையில் அதே பியராவின் ஐரீஸ் என்ற கத்தோலிக்கக் கோயில் பங்கிலிருந்து வெளியேறிய 1,700 பேரில் 1,138 பேர் பியூட்டில்தான் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு கிராமமே கப்பலேறியது என்று சொன்னால் மிகையில்லை, கிளைப்பெயர்களும் கூடவே போயின. உங்கள் சல்லிவன் மொன்டானாக்காரர் என்றால் பாதி வேலை முடிந்தது.

படி 7: டிஎன்ஏவும் குடும்பச் சின்னமும்

தந்தை வழியை மட்டும் பார்க்கும் ஒய் குரோமோசோம் சோதனை இந்த வேலைக்குப் பொருத்தமானது, ஏனென்றால் குடும்பப்பெயரும் அதே வழியில்தான் வருகிறது. மன்ஸ்டர் பக்கம் ஓ’சல்லிவன், மெக்கார்த்தி பெயர்களோடு அடிக்கடி தென்படும் கிளை ஆர்1பி என்ற பெரிய ஒய் குரோமோசோம் குழுவுக்குள் வரும் சிடிஎஸ்4466. உங்களுக்கு அது வரவில்லை என்றால் பதற வேண்டாம். தத்து, தாய்வழிப் பெயர், ஓர் அடியாள் தலைவன் பெயரை எடுத்துக்கொண்டது என்று ஆயிரம் வருஷத்தில் எத்தனையோ நடந்திருக்கும். சாதாரணக் குடும்பமர டிஎன்ஏ சோதனை ஐந்தாறு தலைமுறைக்கு மேல் உதவாது. அதோடு பியரா மாதிரி இடத்தில் சொந்தத்துக்குள் சொந்தமாகக் கட்டிக்கொண்டதால் எல்லோரும் எல்லோருக்கும் உறவு என்று காட்டும்.

குடும்பச் சின்னம் என்று கேடயம் போட்ட கோப்பையும் பனியனும் விற்பார்கள். அந்தச் சின்னங்கள் ஒரு தனி மனிதருக்கும் அவர் வாரிசுகளுக்கும் கொடுத்தவை, பெயர் ஒன்றாக இருப்பவர்களுக்கெல்லாம் பாத்தியதை கிடையாது. அந்தக் காசை வைத்திருங்கள், 1920க்கு முந்தைய ஒரு அமெரிக்க இறப்புச் சான்றின் நகல் வாங்க உதவும்.